மேற்படியான் ஃபிட்டர்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. இந்தப் பை எங்கூட்டுக்காரியோடது, மடியில வெச்சுக்கறேன். அவ அங்க சீட்டுப் போடற எடத்துல நிக்கறா பாருங்க. மஞ்சச் சேலை, கையில கொடை. ஆமா, அவதான். கருணாம்பா. உடம்பு அவளுக்குத்தானுங்க. நான் சும்மா தொணைக்கு வந்தேன்.

என்ன சீக்குன்னு கேக்கறீங்களா? அதையேனுங்க கேக்கறீங்க. ரெண்டு வாரமா ஒரே பாட்டு. 'ஏனுங்க, நெஞ்சு படபடங்குது, ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வந்தரலாம், நீங்களும் வாங்க.' வாசல்லயே பஸ் நிக்குது, ஏறிப் போயிட்டு வர வேண்டியதுதானேன்னு சொன்னேன். கேக்கல. 'திரும்பி வரப்ப பஸ் ஸ்டாண்டு கிட்ட நெய் ரோஸ்ட் சாப்பிடலாம்'னா. செரி, தனியாப் போறாளேன்னு கெளம்பிட்டேன். நெய் ரோஸ்ட்டுக்காக இல்லீங்க. அதை மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க.

தம்பி, இந்தப் பக்கமா வந்து பேசுங்க. அந்தக் காதுப் பக்கம் பேன் சத்தம் எச்சா இருக்குது. பேன் ஓடலீங்களா? அப்ப வெளிய லாரி கீரி போகுமாட்ட இருக்குது.

எங்க நம்பர் நாப்பத்திமூணு. இப்ப எத்தன ஓடுது, முப்பத்தொண்ணா? அப்ப நேரம் கெடக்குது. நீங்க வெளியாளு, உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கோணும். எங்க சொந்தக்காரங்க மத்தியில எனக்கு ஒரு பேரு உண்டாயிருச்சுங்க. 'பூனைக்கு மெமோ குடுத்தவர்.' கண்ணாலத்துக்குப் போனாலும் இதே பேச்சு, எழவுக்குப் போனாலும் இதே பேச்சு. பந்தியில பாயாசம் ஊத்தறவன் கூட, 'பூனை விளக்கம் குடுத்துருச்சுங்களா மாமா?'ன்னு கேட்டுட்டுத்தான் ஊத்தறான். என்ன நடந்துச்சுன்னு முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் பண்ணுனது தப்பான்னு.

நான் ஸ்பின்னிங் மில்லுல டைம் கீப்பருங்க. முப்பத்திநாலு வருசம். கேட்டுக்குப் பக்கத்துல டைம் ஆபீஸ், அதுல என்ற மேசை. சங்கு ஊதி அஞ்சு நிமிசம் கழிச்சு வந்தவன் எவனாயிருந்தாலும் என்ற பேனாவுக்குத் தப்ப முடியாது. லேட்டு, லீவு, மிசினைப் போட்டுட்டு வெளிய போய்ப் பீடி குடிக்கறது, எல்லாத்துக்கும் மெமோ. என்ற மச்சினனுக்கே மூணு மெமோ குடுத்தவனுங்க நான். சென்னியப்பன் மெமோன்னா மேனேஜரே எந்திரிச்சு நின்னு படிப்பாரு. இது கொஞ்சம் எச்சாச் சொல்லிட்டேன், உக்காந்துதான் படிப்பாரு. ஆனா ஒரு எழுத்தைத் திருத்த மாட்டாரு.

எங்க பஞ்சு குடோன்ல எலிக்குன்னு பூனைங்க இருக்கும். நான் ரிட்டையர் ஆகற மாசத்துல ஒண்ணு குட்டி போட்டுச்சு. அதுல ஒருத்தன் எந்த மிசினுக்கு அடியிலயும் பூந்து, முதுகு முச்சூடும் கிரீஸ் பூசிட்டு வெளிய வருவான். எல்லாரும் ஃபிட்டரு ஃபிட்டருன்னு கூப்பிட்டாங்க. கடைசி நாள் எனக்கு மாலை போட்டு, செவுத்துக் கெடியாரம் குடுத்து அனுப்புனாங்க. ஊட்டுக்கு வந்து சோத்துப் பையைத் தொறந்தா உள்ள இவன். எவன் வெச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதுக்காச்சு பதினாறு வருசம்.

நல்ல வேலைக்காரனுங்க, பொய் சொல்லக் கூடாது. காலையில ஆறு மணிக்கு ஆட்டாங்கல்லு மேல ஒரு தாவு, ஜன்னல் மேல ஒரு தாவு, அங்கிருந்து அட்டாலி. சாமான் செட்டெல்லாம் போட்டு வெச்சிருக்கற பரண்தானுங்க, எலி குடியிருக்கற எடம். அங்க ஒரு சுத்துப் பாத்துட்டு, ஆறரைக்கு என்ற பிரம்பு நாற்காலியில வந்து நான் படிக்கற பேப்பர் மேலயே உக்காருவான். இந்தப் பதினாறு வருசத்துல ஒரு நாள் லேட்டு இல்ல. மனுசங்ககிட்ட நான் அப்படிப் பாத்ததில்லீங்க.

ஒரு நிமிசம் தம்பி, தண்ணி குடிச்சுக்கறேன். இந்த வருசம் வெயிலு மாசியிலயே ஆரம்பிச்சுருச்சு பாருங்க. ஊட்டுல இருந்து கொண்டாந்த ரெண்டு பாட்டிலும் காலி, இது இங்க புடிச்சது. நீங்க குடிக்கலையா? குளுருதா உங்களுக்கு? என்னமோ போங்க, இந்தக் காலத்துப் புள்ளைங்க உடம்பே அப்படித்தான்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆ, பிரம்பு நாற்காலி. போன சித்திரையில அதை எடுத்துப் போட்டுட்டு ஒரு சோபா வாங்குனனுங்க. பழைய நாற்காலி ரொம்பப் பள்ளம், எந்திரிக்கறதுக்கு ஆகல. நாற்காலி மேலதான் தப்பு, அதுல உக்காந்தா எவனும் எந்திரிக்க முடியாது. சோபா வந்த அன்னிலிருந்து ஃபிட்டரு என்ற பக்கத்துல வர்றதில்ல. கீழ நின்னு சோபாவை ஒரு பார்வை, என்னைய ஒரு பார்வை, திரும்பிப் போயிருவான். பாத்தியா இவனுக்கு ரோசத்தன்னு நெனச்சேன். அவன் நாற்காலியத் தூக்கிப் போட்டுட்டனாம், அதுக்குக் கோவிச்சுக்கிட்டானாம்.

அப்பறம் அட்டாலிக்குப் போறதையும் நிறுத்திட்டான். எலி மேல ஓடுது, இவன் கீழ படுத்துட்டு அண்ணாந்து பாக்கறான். எனக்கு வந்துச்சுங்க கோவம். பழைய நோட்டு ஒண்ண எடுத்தேன், ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டேன், எழுதுனேன். மனப்பாடமே இருக்குது, கேளுங்க.

'மெமோ எண் ஒன்று. ஃபிட்டர், தகப்பனார் பெயர் தெரியாது. மேற்படியான் கடந்த நான்கு நாட்களாகத் தனது பணியிடமான அட்டாலிக்கு ஏறாமல் தரையிலேயே படுத்துக் கிடப்பது கண்டறியப்பட்டுள்ளது. மேற்படியான் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் தரவும்.'

அவன் முன்னால நின்னு சத்தமாப் படிச்சேன். செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான். கீழ எழுதிட்டேன், 'பெற்றுக்கொள்ள மறுத்தான்'னு. அப்படி எழுதோணுமுங்க, அதுதான் முறை. கருணாம்பா விழுந்து விழுந்து சிரிச்சுட்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டா. அவ போட்டதுக்கு அப்பறம் அவளுக்கும் பங்கு உண்டா இல்லையா? அதை யாரும் பேச மாட்டாங்க.

அப்படி ஆரம்பிச்சதுதான், வாரம் ஒண்ணு ரெண்டு போயிட்டே இருந்துச்சு. பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதில்ல, அதுக்கு ஒண்ணு. மத்தியானத்துல செவுத்தப் பாத்து நின்னுட்டு தொண்டை கிழியக் கத்தறது, 'காரணமின்றிக் கூச்சல்.' சிமிட்டித் தரையில டக்கு டக்குன்னு நகம் தட்ட நடக்கறது. பூனை நடந்தா சத்தம் கேக்கலாமாங்க? 'பாதுகாப்பு விதிகளுக்கு மாறாக ஒலி எழுப்பும் காலணி அணிந்து பணிக்கு வருகிறான்'னு எழுதுனேன். அவனுக்கு ஏது காலணின்னு கேக்காதீங்க, அந்த எடத்துல வேற வார்த்தை கெடைக்கல.

அப்பறம் சீருடை. இடுப்புக்குப் பக்கம் முடியெல்லாம் சிக்கு விழுந்து திரிதிரியாத் தொங்குது. முன்னெல்லாம் நாளுக்கு நாலு தடவை நக்கி நக்கி மினுக்கிட்டு இருந்தவன். சோம்பேறித்தனம், வேறென்ன? கருணாம்பா அப்பவே கேட்டா, 'ஏனுங்க, ஏறல ஏறலைன்னு எழுதறீங்களே, ஏற முடியலையான்னு பாத்தீங்களா?' நான் சொன்னேன், 'கருணா, நான் மூவாயிரம் தொழிலாளியப் பாத்தவன். முடியலைங்கறவன் முக்காவாசி பொய்க்காரன்.'

எங்கூட்டுலயே பாருங்க, மாடிக்குப் போற படியக் கொத்தனாரு கோணலாக் கட்டிட்டான். ஒவ்வொரு படியும் ஒரு மொழம். முப்பது வருசமா அதுலதான் ஏறறேன், இப்பத்தான் அந்தத் தப்பே எனக்குத் தெரிஞ்சுது. பாதி தூரத்துல நின்னு தென்னையப் பாத்துட்டுத்தான் ஏறோணும். தென்னையில குரும்பை எப்படியிருக்குதுன்னு பாக்க வேண்டாமா? இவ அங்க ஒரு ஸ்டூலைக் கொண்டு போய்ப் போட்டு வெச்சிருக்கா. போற வழியில எதுக்கு ஸ்டூலுன்னு நானும் திட்டிட்டே இருக்கேன். போட்டது கெடக்குதேன்னு உக்காந்துக்கறது.

முப்பத்தஞ்சுங்களா? செரி செரி.

ஆவணியில ரெண்டு பெரிய குத்தம் பண்ணுனான். ஒண்ணு, பணி நேரத்துல சும்மா சும்மா தண்ணி குடிக்கப் போறது. அவன் கிண்ணம் பத்தாதுன்னு கால் கழுவற பக்கெட்டுல தலைய உடறான். குடிச்சா வெளிய போகோணுமில்ல? ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில மணல் போட்ட தொட்டி வெச்சிருக்குது அவனுக்குன்னு. அதுக்குள்ள போகாம தொட்டிக்குப் பக்கத்துல நின்னு போய் வெக்கறான். தொட்டியத் தொட்டுட்டே நின்னு போறானுங்க! வேணும்னே பண்றான்னு தோணுமா தோணாதா? ஒழுங்கீனம்னு ரெண்டு கோடு அடிச்சு எழுதுனேன்.

ஒரு நிமிசம்ங்க, பையப் பாத்துக்கோங்க. பாத்ரூம் அந்தக் கடைசியிலதானே? வந்தர்றேன்.

வந்துட்டேன். இந்த ஆஸ்பத்திரித் தண்ணி என்னமோ வயித்துல நிக்க மாட்டேங்குது. தம்பி, நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க? முன்னாடியே கேட்டனா? எனக்கு ஞாபகமிருக்குதுங்க, நீங்க மறந்துட்டீங்களான்னு பாத்தேன்.

புரட்டாசி மூணாஞ் சனிக்கெழமை. பெருமாள் கோயலுக்குப் போகோணும்னு வேட்டியத் தேய்ச்சு கட்டில் மேல வெச்சுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாத்தா கட்டிலுக்குக் கீழ சரிஞ்சு கெடந்த வேட்டி நனைஞ்சிருக்குது. அது மேலயே படுத்திருக்கான். எந்திரிச்சு ஓடக்கூட இல்ல. எத்தன திமிரு இருந்தா ஓடாம படுத்திருப்பான்?

அன்னிக்கு முடிவு பண்ணிட்டனுங்க. டிஸ்மிஸ். மெமோ கெடையாது, விசாரணை கெடையாது. ஆறு மைல் தள்ளித் தெரிஞ்சவரு ஒருத்தரு தேங்காக் களம் வெச்சிருக்காரு. எலி நெறைய. அங்க கொண்டு போய்த் தாட்டி உட்டுட்டு வந்தர்றதுன்னு கட்டப் பைய எடுத்தேன். கருணாம்பா தடுத்தா. 'வேண்டாமுங்க, பதினாறு வருசம் நம்ம சோத்தத் தின்ன உசுரு.' நான் கேக்கல. குனிஞ்சு ரெண்டு கையையும் அடியில குடுத்துத் தூக்குனேன்.

தூக்குனா தம்பி, கையில ஒண்ணுமே இல்லீங்க.

ஒரு காலத்துல நாலரைக் கிலோ இருந்தவன். புடிச்சாத் திமிறுவான், கை முச்சூடும் கீறி உட்டுருவான். அன்னிக்குத் துண்டைத் தூக்குனாப்பல வந்துட்டான். முடிதான் பம்முன்னு இருக்குது, உள்ள ஆளில்ல. முதுகுல கை வெச்சேன். எலும்பு ஒவ்வொண்ணா சீப்புப் பல்லாட்ட தட்டுது. எண்ணிரலாம். தெனமும் பாத்துட்டுத்தானே இருந்தேன்? கண்ணுக்குத் தெரியலையே? அஞ்சாறு மாசமா அவனத் தொட்டே பாக்கலைங்க நான். மெமோ எழுதத் தெரிஞ்சுது, தொட்டுப் பாக்கத் தெரியல.

அவன் என்ன பண்ணுனாங்கறீங்க? என்ற முழங்கை மடிப்புல மூஞ்சிய வெச்சுட்டு குறுகுறுன்னு சத்தம் போட ஆரம்பிச்சுட்டான். டிஸ்மிஸ் பண்ணக் கொண்டு போறவன் கையில படுத்துட்டு. நான் அங்கயே கட்டிலைப் புடிச்சுட்டுத் தரையில உக்காந்து அழுதுட்டனுங்க. எழுபத்தாறு வயசுல, கோயலுக்குப் போற நாளும் அதுவுமா, ஈர வேட்டி மேல. கருணாம்பா வந்து பையை மடிச்சு எடுத்து வெச்சுட்டா. அன்னிக்கு நோட்டுல ஒரே வரிதான் எழுதுனேன். மெமோ நம்பரும் போடல, மேற்படியான்னும் போடல. 'கை வைத்துப் பார்த்தேன். முதுகெலும்பு தட்டுகிறது.'

திங்கக்கெழமை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும். அவனைக் கூடைக்குள்ள போடறது லேசுப்பட்ட காரியமில்ல. இவதான் பண்ணுனா. கூடையில அவளோட பழஞ்சேலைய விரிச்சு, அதுல நாலு நெத்திலிக் கருவாட்டை வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சுட்டு இருந்தா. அவனே உள்ள போயிட்டான். மூடிட்டா. 'பாவம்டி, ஏமாத்திட்டியே'ன்னேன். 'ஏமாத்தாம வருவானுங்களா?'ன்னா. எமகாதகி.

அங்க டாக்டரம்மா சின்னப் புள்ளைங்க, இருவத்தெட்டு இருக்கும். 'எப்ப இருந்து இப்படி இருக்குது, என்னென்ன மாறுச்சு?'ன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவ பையில இருந்து நோட்டை எடுத்து நீட்டிட்டா! எனக்கு மானமே போச்சு. டாக்டரம்மா மொத மெமோவப் படிச்சுட்டு வாயப் பொத்திட்டுச் சிரிச்சாங்க. ரெண்டாவதுக்கும் சிரிச்சாங்க. அஞ்சாவது வந்தப்ப சிரிப்பு நின்னுருச்சு. பேனாவ எடுத்துக் கோடு போட ஆரம்பிச்சாங்க.

'ஐயா, இதுல நீங்க எழுதுனது ஒண்ணு கூடத் தப்பில்ல. பேருதான் மாத்தி வெச்சிருக்கீங்க'ன்னாங்க. அட்டாலிக்கு ஏறாதது மூட்டுத் தேய்மானம். சோபாவுக்கு வராததும் அதுதான், ரோசமில்ல. கூப்பிட்டாத் திரும்பாததும் காரணமில்லாமக் கத்தறதும் காது போனதால. அவன் கத்தறது அவனுக்கே கேக்கலயாம். முதுகு வளைக்க வலிக்கறதால முடிய நக்க முடியல. மரத்தைப் பிறாண்டாததால நகம் வளந்து தட்டுது. தண்ணி குடிக்கறது கிட்னி. தொட்டிக்கு வெளிய போறது, தொட்டி வெளிம்பு ஒசரமுங்க, காலத் தூக்கி உள்ள வெக்க முடியல. அதனால தொட்டியத் தொட்டுட்டு வெளியவே நின்னுருக்கான். பாருங்க, அந்த வலியிலயும் தொட்டி வரைக்கும் வந்திருக்கான். நான் அதுக்கு ரெண்டு கோடு அடிச்சிருக்கேன்.

'பூனை வலிக்குதுன்னு சொல்லாதுங்கய்யா, பழக்கத்தை மட்டும் மாத்திக்கும். நாம திமிருன்னு சொல்லுவோம், இல்லீனா வயசாயிருச்சுன்னு உட்டுருவோம். ரத்தம் பாத்தாத்தான் தெரியும்'னாங்க. அப்பறம் ஒண்ணு சொன்னாங்க பாருங்க, பூனைக்குப் பதினாறு வயசுன்னா மனுசனுக்கு எம்பதாம். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. குட்டியிலிருந்து பாக்கற பையன்னு நெனச்சு மெரட்டிட்டு இருக்கேன், அவன் எனக்கு அண்ணனாயிட்டான். அண்ணனுக்கு மெமோ குடுத்திருக்கேன்.

கடைசியில நோட்டைத் திருப்பிக் குடுத்துட்டு, 'தேதி போட்டு இத்தன விவரமா எழுதிக் கொண்டாந்தவங்க யாருமே இல்லீங்கய்யா'ன்னாங்க. அதை மட்டும் எங்க சொந்தக்காரன் எவனும் சொல்ல மாட்டேங்கறான்.

இப்ப நல்லாயிருக்கான். நல்லான்னா, கிட்னி போனது போனதுதான், திரும்ப வராதாம். ஆனா மாத்திரை, தனிச் சாப்பாடு, மூணு எடத்துல தண்ணிக் கிண்ணம். தொட்டிக்குப் பதிலா வெளிம்பு தாழ்ந்த தட்டு. சோபாவுக்கு முன்னால ஒரு பலகை, அதுக்கு முன்னால ரெண்டு செங்கல், நானே படி கட்டிக் குடுத்தேன். காலையில ஆறரைக்கு ஒவ்வொரு படியா ஏறி வந்து பேப்பர் மேல உக்காந்தர்றான். மாசம் ஒரு தடவை எடை போட்டு எழுதறேன். எரநூறு கிராம் ஏறியிருக்கான். டிஸ்மிஸ் ஆர்டர் ரத்து. இப்ப சம்பளத்தோட கூடுன நீண்ட விடுப்புல இருக்கான்.

அதிலிருந்து நான் எல்லாத்துகிட்டயும் சொல்றது ஒண்ணுதானுங்க. மனுசன்னா வாயத் தொறந்து சொல்லிருவான், அங்க வலிக்குது இங்க வலிக்குதுன்னு. பூனை பாவம், அதுக்குச் சொல்லத் தெரியாது. நாமதான் பாத்துப் புரிஞ்சுக்கோணும். செரிதானுங்களே?

என்ன சிரிக்கறீங்க? பெல்ட்டா? ஆமாங்க, இழுத்து இழுத்து உட்டுக்கறேன். இப்பத்த தோலு செரியில்ல, போட்டாப் போட்டபடி நீண்டுக்குது. ஆணிய வெச்சு ஒரு ஓட்டை போட்டேன், அதுவும் பத்தல.

நாப்பத்திரெண்டா? அடுத்தது நாமதான். இதா வந்துட்டா. கருணா, இந்தத் தம்பிகிட்ட நம்ம ஃபிட்டர் கதையச் சொல்லிட்டு இருந்தேன். உம் பையில எதுக்கு அந்த நோட்டையும் தூக்கிட்டு வந்திருக்கற? கொஞ்ச நாளா இவளே அதை எடுத்து வெச்சுக்கறா தம்பி. பின்பக்கமாத் திருப்பி என்னமோ எழுதறா. கேட்டா ரசப்பொடி அளவுங்கறா.

கூப்பிடறாங்க பாரு, போ போ. என்னம்மா நர்சம்மா? சத்தமாச் சொல்லுங்க. சென்னியப்பனா? சென்னியப்பன் நாந்தானுங்க. ஆனா சீட்டு எங்கூட்டுக்காரிக்கு. எழுபத்தாறு வயசுன்னு போட்டிருக்குதா? வயசு செரிதான், ஆளுதான் தப்பு. கருணா, என்ன கம்முனு நிக்கற? நெஞ்சு படபடங்கறது உனக்குத்தானே? என்ன சொல்றா தம்பி? எனக்குக் கேக்கல. 'ஆமா, இவரப் பாத்துத்தான் படபடங்குது'ங்கறாளா?

எதுக்கு இப்ப நோட்டை நீட்டற? ரசப்பொடிய இங்க எதுக்கு… தம்பி, சித்தப் படிங்க. எழுத்துப் பொடியா இருக்குது. சத்தமா.

'கார்த்திகை நான்கு. மேற்படியார் மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று ஏறுகிறார். கேட்டதற்குத் தென்னையைப் பார்ப்பதாக விளக்கம் தந்தார்.' மேற்படியாரா? யாருடி மேற்படியாரு? இன்னும் படிங்க தம்பி. 'மேற்படியார் ஒரு நாளைக்கு ஐந்து சொம்பு தண்ணீர் குடிக்கிறார். வெயில் என்கிறார். அன்று மழை.' ஓகோ. 'பெல்ட்டுக்கு ஆணியால் ஓட்டை போட்டுள்ளார். தோல் சரியில்லை என்கிறார்.' சாட்சிக் கையெழுத்து வேற போட்டிருக்காளா? இத்தன இருக்குதா? அதுக்குக் கீழ என்னது? 'பெற்றுக்கொள்ள மறுப்பார் என்பதால் கொடுக்கவில்லை.'

குடுங்க தம்பி. கடைசி ஒண்ணு நானே படிச்சுக்கறேன், அது கொஞ்சம் பெருசா எழுதியிருக்குது.

'தை பன்னிரண்டு. தூங்கும்போது தோளில் கை வைத்துப் பார்த்தேன். எலும்பு தட்டுகிறது.'

இருங்க நர்சம்மா. வர்றேன். ஓடிப் போக மாட்டேன்.

அப்ப நெய் ரோஸ்ட்டுதான் எனக்கு வெச்ச கருவாடா கருணா? நாலு நெத்திலிக்கு அவன் ஏமாந்தான்னு சிரிச்சேன். அழுகாத, பொது எடத்துல என்ன இது. நான் அழுகல, இந்தப் பேன் காத்து கண்ணுல படுது. ஓடலீங்களா? அட, உடுங்க தம்பி, ஓடட்டும் ஓடாம போகட்டும்.

உங்ககிட்ட பேனா இருக்குதுங்களா? குடுங்க. இதுக்குக் கீழ நான் ஒண்ணு எழுதோணும், அதுதான் முறை. 'பெற்றுக்கொண்டேன். சென்னியப்பன்.' தேதி இன்னிக்கு என்ன? மாசி ஒம்பது. ஆச்சு.

செரி, எந்திரிக்கோணும். இந்த நாற்காலியும் பள்ளமா… இல்லீங்க, நாற்காலி நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் முடியல. சித்தக் கையக் குடுங்க தம்பி. இருங்க, வேண்டாம். அவ குடுக்கறா.